காசிமிரா மென்று தந்த சோளம்

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சாப்பிட்டாயிற்றா? சாப்பிடாதவர்கள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். படித்த பிறகு இறங்காது. ஏற்கெனவே சாப்பிட்டவர்கள்... சரி, உங்கள் பாடு.

இது கதை இல்லை. நடந்தது. நான் லியோகாதியோ சுல்கா. எங்கள் மலையூர் கொல்காபம்பாவில் என் வார்த்தையை யாரும் சட்டென்று நம்பிவிட மாட்டார்கள். என் கோவேறு கழுதை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலைக்கு வராது என்று சொன்னேன், அதற்கே சிரித்தார்கள். ஆனால் இந்த விஷயத்தை மட்டும் ஊரில் ஒருவரும் பொய் என்று சொன்னதில்லை. பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்கள், அவ்வளவுதான். காரணம் இருக்கிறது. அவர்கள் எல்லோரும் குடித்தவர்கள்.

அந்த வருஷம் ஜூலையில் எங்கள் ஊர்ப் புனிதர் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு நான் பொறுப்பு எடுத்திருந்தேன். ஊரில் ஒருவன் ஆம்பிளை என்று பேர் வாங்குவது அப்போதுதான். மேளக்காரன் ராகம் தப்பினால் மன்னிப்பார்கள். ஆட்டுக்கறி வேகாவிட்டால் மன்னிப்பார்கள். வாணவேடிக்கை நனைந்து போனால் அதுவும் ஒரு வேடிக்கை. சிச்சா குறைந்தால் மட்டும் மன்னிப்பு கிடையாது. சிச்சா என்றால் எங்கள் சோளக் கள். ஆள் உயரத்தில் மூன்று பானை. கடைசி நாள் வரை அதில் கள் இருக்கவேண்டும். முன்பு ஒருத்தனுக்கு இரண்டாம் நாளே தீர்ந்துபோனது. அன்றிலிருந்து அவன் பெயர் ‘காய்ந்த பானை’. அவன் செத்தான். அவன் மகனுக்கும் அதே பெயர். பேரனுக்குக் கல்யாணம் பேசப் போனபோது பெண் வீட்டார், “எந்த வீடு? ஓ, காய்ந்த பானை வீடா?” என்று கேட்டார்கள்.

மற்ற நாட்களில் முளைகட்டிய சோளத்தில் காய்ச்சுவோம். சந்தியாகப்பருக்கு அது ஆகாது. அவருக்கு வாயில் மென்ற சோளம்தான்.

முகம் சுளிக்காதீர்கள். எங்களுக்கு அதில் அருவருப்பு கிடையாது. தாய் குழந்தைக்கு மென்று ஊட்டுவதில்லையா? மாவை வாயில் போட்டு, நாக்கால் உருட்டி, எச்சிலில் ஊறவிட்டு, மேலண்ணத்தில் அப்பி, நாக்காலேயே பெயர்த்து வெளியே தள்ளவேண்டும். வில்லையாக வரும். மேல்பக்கம் அண்ணத்தின் வரி வரியான அச்சு. அடிப்பக்கம் நாக்குப் பட்ட வழவழப்பு. பழகியவர்கள் வில்லையைப் பார்த்தே இது யார் வாய் என்று சொல்லிவிடுவார்கள். கையில் வாங்கினால் குழந்தையின் கன்னம் மாதிரி வெதுவெதுப்பாக இருக்கும். அதைக் காயவைத்து, வெந்நீரில் கரைத்து, காய்ச்சி, பானையில் ஊற்றினால் நாலாம் நாள் நுரைக்கும்.

மூன்று பானைக்கு எத்தனை வில்லை வேண்டும் என்று கணக்குப் போடாதீர்கள். நிறைய.

என் மனைவி ரெமிகியா நன்றாக மெல்லுவாள். அந்த வருஷம் பார்த்து அவளுக்குக் கடைவாய்ப் பல் பழுத்து, கன்னம் உருளைக்கிழங்கு மாதிரி வீங்கிக் கிடந்தது. வாயில் சீழ் இருக்கிறவள் சாமி சோளத்தை மெல்லக் கூடாது. மிச்சம் இருந்தது என் அண்ணன் பெண்டாட்டி பசீலியா மதினி ஒருத்தி. அவள் வாய் பேசுவதற்கென்றே படைக்கப்பட்டது. பாதி மாவு பேச்சோடு வெளியே வந்துவிடும்.

அப்போதுதான் காசிமிரா அக்கா ஞாபகம் வந்தது.

காசிமிரா ஒண்டிக்கட்டை. மேல் புல்வெளியில், கல் குடிசையில், லாமா மந்தையை மேய்த்துக்கொண்டு கிடப்பாள். அதில் பாதி லாமா நசாரியோவுடையது. திருவிழா என்றால் மட்டும் இறங்கி வருவாள். அவள் மென்ற சோளம் மாதிரி அந்த மலைப்பக்கத்தில் கிடையாது. ஒருத்தி இருந்து மூன்று பேர் வேலை செய்வாள். எச்சில் வற்றாத வாய் என்று பெயர்.

நசாரியோ யார் என்று சொல்லிவிடுகிறேன். முந்தின வருஷம் பொறுப்பு எடுத்தவன். என்னை மச்சான் என்று கூப்பிடுவான். என் பானை காயவேண்டும் என்று சந்தியாகப்பருக்கே மெழுகுவத்தி ஏற்றியவன்.

உதவி கேட்கப் போகிறவன் வெறுங்கையோடு போகக் கூடாது. தட்டு அகலத்துக்கு ஒரு ரொட்டி. ஒரு மடக்குச் சாராயம். வாசலில் நின்று, சந்தியாகப்பர் பேரால் இன்ன வேலைக்கு வா என்று சொல்லி நீட்டவேண்டும். ரொட்டியை வாங்கிவிட்டால் முடிந்தது. காய்ச்சல் வந்தாலும், வீட்டில் பிள்ளை பிறந்தாலும் வந்தே தீரவேண்டும். தப்ப முடியாது. அதனாலேயே எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள்: முகத்தைப் பார்த்துக் கொடு, கையில் கொடு. வாங்குவது யார் என்று தெரியாமல் கொடுக்காதே.

நான் அதைத்தான் செய்யவில்லை.

நான் மேலே ஏறிச் சேர்ந்தபோது வெயில் எதிர்மலைக்குப் போய்விட்டது. பட்டியில் லாமாக்கள் அடைந்திருந்தன. அவை பாட்டுக்கு அசைபோட்டுக்கொண்டு என்னைப் பார்த்தன. குடிசைக் கூரையில் புகை இல்லை. கதவு சாத்தியிருந்தது. அக்கா, அக்கா என்று கூப்பிட்டேன்.

உள்ளே ஏதோ நகர்ந்தது.

சரக்... சரக்...

காய்ந்த தோலைத் தரையில் இழுப்பது மாதிரி.

படுத்திருக்கிறாள், போர்வையை இழுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கோ அவசரம். வெயில் போனால் அங்கே தண்ணீர் நின்ற இடத்தில் பனிக்கட்டியாகிவிடும், என் முழங்கால் அப்போதே சரியில்லை. ரொட்டியைத் துணியோடு கதவு முளையில் மாட்டினேன். சாராயத்தை வாசல்படியில் ஊற்றினேன். மெல்லுற வேலை இருக்கு, சந்தியாகப்பர் பேரால வந்துடு அக்கா என்று கத்திச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

பட்டியைத் தாண்டியதும் என்னமோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன். முளையில் துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. ரொட்டி இல்லை.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அந்தக் கதவு திறந்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

எனக்குப் பயம் வந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. சந்தோஷம் வந்தது. வாங்கிவிட்டாள். என் பானை நிறைந்த மாதிரிதான். வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு இறங்கினேன்.

மெல்லுகிற அன்று இருட்டியதும் பசீலியா மதினி வந்து அடுப்புப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். நான் வாங்கியிருந்த மாவு மூட்டையைப் பார்த்து, இவ்வளவையும் நான் மென்றால் என் புருஷனுக்கு முத்தம் கொடுக்க வாய் மிஞ்சாது என்றாள். அது ஒன்றும் அவனுக்கு நஷ்டம் இல்லை என்றாள் ரெமிகியா, வீங்கின கன்னத்தோடு. இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுப்பில் சாணி எரு எரிந்தது. அடுப்படியில் நாங்கள் கறிக்கு வளர்க்கிற, முயல்குட்டி அளவு கினிப் பன்றிகள் கீச் கீச் என்று ஓடிக்கொண்டிருந்தன.

நாய் குரைக்கவில்லை. கதவு தட்டவில்லை. பார்த்தால்... காசிமிரா உள்ளே நிற்கிறாள்.

கறுப்புச் சால்வையைக் கண்ணுக்குக் கீழே வரை இழுத்துக் கட்டியிருந்தாள். அதில் ஒன்றும் ஆச்சரியம் இல்லை. மேலேயிருந்து இறங்குகிறவர்கள் காற்றுக்குப் பயந்து அப்படித்தான் வருவார்கள். வா அக்கா, அடுப்புப் பக்கம் உட்கார் என்றேன். அவள் அடுப்பை விட்டுத் தள்ளி, எரு அடுக்கியிருந்த மூலையில் போய் உட்கார்ந்தாள். முதுகைப் பாதி திருப்பிக்கொண்டு.

மாவுக் கலத்தைக் கொடுத்தேன். வாங்கினாள். ஆரம்பித்தாள்.

அவள் பேசவில்லை. வாயில் மாவு இருக்கும்போது எவள் பேசுவாள்? பசீலியா மதினியைத் தவிர.

முதலில் வந்தது வாசனை. நனைந்த லாமா மயிர் வாசனை. மேலே இருக்கிறவர்களுக்கு உள்ளதுதான். அதற்கு அடியில் வேறு ஒன்று இருந்தது. தித்திப்பாக. மூடி வைத்த சூப்பை மூன்றாம் நாள் திறந்தால் வருமே, அது. ரெமிகியா சீழ்ப் பல்லைக் கையால் மூடிக்கொண்டு, தன் வாய்தான் நாறுகிறதோ என்று என்னைப் பார்த்தாள். பாவம்.

அடுத்தது சத்தம். மெல்லுகிறவர்கள் வாயில் ஒரு சத்தம் வரும். சப்பு சப்பென்று. அவளிடம் அது இல்லை. அவளிடம் வந்தது...

பிசக். பிசக். ப்ளக்.

சேற்றில் புதைந்த காலைப் பிடுங்குகிற மாதிரி. ஒவ்வொரு ‘ப்ளக்’குக்கும் ஒரு வில்லை. சால்வைக்கு அடியில் கை போகும். வில்லையோடு வரும். பசீலியா ஒன்று முடிப்பதற்குள் அவள் முன்னால் நாலு கிடந்தது.

கினிப் பன்றிகள் அவளிடம் போயின. வரிசையாக. அவள் பாவாடைக்கு அடியில் நுழைந்தன. சிந்துகிற மாவைத் தின்னப் போகின்றன என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று வெளியே வந்தது. அதன் முகமெல்லாம் ஈரம். மீசையில் நூல் நூலாகத் தொங்கியது. நக்கிக்கொண்டே திரும்ப உள்ளே போய்விட்டது.

பசீலியா மதினிக்குப் போட்டி பொறுக்கவில்லை. அக்கா வாயில ஆறு ஓடுதோ என்று கிண்டல் செய்துகொண்டே எட்டி ஒரு வில்லையை எடுத்தாள். எடுத்தவள் உடனே கீழே போட்டாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். பேச்சு நின்றுவிட்டது. எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் அதைப் பார்த்ததில்லை.

என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டாள்.

“கொழுந்தனாரே, அது சில்லுன்னு இருக்கு.”

“குளிர்ல வந்தவ.”

“வாய்க்குள்ள என்ன குளிர்? தவளை வயித்தத் தொட்ட மாதிரி இருக்கு. நான் வீட்டுக்குப் போறேன்.”

மாவு பாதி கூட முடியவில்லை. நீயும் போனால் என் கதி என்ன, பானைக்கு யார் பதில் சொல்வது என்று கெஞ்சினேன். அதான் ஒருத்தி இருக்கிறாளே என்றாள். சொல்லிவிட்டு உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் நடந்தாள்.

நான் உள்ளே வந்து மதினி கீழே போட்ட வில்லையை எடுத்துப் பார்த்தேன்.

சில்லென்றுதான் இருந்தது.

மேல்பக்கம் அண்ணத்தின் அச்சு. வரி வரியாக, சரியாக இருந்தது. திருப்பினேன். அடிப்பக்கம் நாக்கின் வழவழப்பு இருக்கவேண்டும்.

நாலு விரல் பதிந்திருந்தது.

நாக்கு படவில்லை. வாய்க்குள் கையை விட்டு, மாவை அண்ணத்தில் வைத்து, விரலால் அமுக்கி எடுத்திருக்கிறாள்.

விரல் பள்ளத்தில் என்னமோ ஒட்டியிருந்தது. சாம்பல் நிறத்தில். அவித்த உருளைக்கிழங்கின் தோல் என்று நினைத்து நகத்தால் உரித்தேன். மெல்லிசாக, முழுசாக உரிந்து வந்தது. அடுப்பு வெளிச்சத்தில் பிடித்தேன்.

அதில் ரேகை இருந்தது.

அதை அடுப்பில் போட்டேன். சுருண்டது. வில்லையை மற்ற வில்லைகளோடு வைத்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு ஊரும் இல்லை, பானையும் இல்லை.

ரெமிகியா பல்வலிக்கு ஒரு கட்டி கோக்கா இலையை அடக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனாள். எங்கள் மகன் முன்பே தூங்கிவிட்டான். நானும் அவளும் மட்டும்.

அவளும் என்றால் மற்றவள்.

பிசக். பிசக். ப்ளக்.

காலி கலத்தை நீட்டுவாள். மாவு போடுவேன். நீட்டுவாள். போடுவேன். அவள் ஒரு தடவைகூட மூச்சு வாங்க நிறுத்தவில்லை. தண்ணீர் கேட்கவில்லை. வெளியே போகவில்லை. இத்தனை எச்சில் ஒரு வாயில் எங்கிருந்து வரும்?

ஒரு தரம் கலத்தை வாங்கக் குனிந்தேன். சால்வையின் அடியிலிருந்து ஒரு நூல் இறங்கிக்கொண்டிருந்தது. பழுப்பு நிறம். நீளமாக... அறுபடாமல்... என் மணிக்கட்டில் விழுந்தது.

ஐஸ்.

துடைத்தேன். போகவில்லை. பிசின் மாதிரி இழுத்தது. வாந்தி தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். சாமி சோளத்துக்கு முன்னால் வாந்தி எடுக்கக் கூடாது.

மாவு தீர்ந்தது.

வில்லைகள் குவிந்துவிட்டன. மூன்று பானைக்கு உண்டு. நாலுக்கே உண்டு.

அவள் கலத்தை நீட்டினாள்.

தீர்ந்துபோச்சு அக்கா என்றேன்.

நீட்டியபடியே இருந்தாள்.

வீட்டுச் சமையலுக்கு வைத்திருந்த மாவைக் கொட்டினேன். அதுவும் தீர்ந்தது. நீட்டினாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன். அவள் கையை எருவை ஒட்டிக் கொட்டியிருந்த சாம்பல் பக்கம் கொண்டுபோனாள். ஒரு கை சாம்பலை அள்ளினாள். சால்வைக்கு அடியில் கொண்டுபோனாள்.

பிசக். பிசக்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கூப்பிட்டது நான். அனுப்பவேண்டியதும் நான்தான். நன்றி சொல்லி, ஒரு குவளை கொடுத்து, போய் வா என்று சொல்லும் வரை வேலைக்கு வந்தவள் எழ முடியாது. அதுதான் முறை. அவள் முறைப்படி உட்கார்ந்திருந்தாள்.

பழைய சிச்சாவில் ஒரு குவளை எடுத்தேன். நீட்டினேன்.

வாங்கினாள். முழுசாக முதுகைத் திருப்பினாள். தலையைச் சாய்த்தாள்.

சளசளவென்று மண்ணில் கொட்டுகிற சத்தம்.

மண் தாய்க்கு ஊற்றுகிறாள் என்று நினைத்தேன். குடிப்பதற்கு முன்னால் நாங்கள் எல்லோரும் ஊற்றுவோம். ஆனால் மண்ணுக்கு இரண்டு சொட்டுதான். ஒரு குவளையையும் யாரும் ஊற்றமாட்டார்கள்.

அவள் ஊற்றவில்லை.

குவளை அவள் முகத்துக்கு நேரேதான் இருந்தது.

அவள் குடித்தாள். அது நிற்கவில்லை. விழுந்தது.

நான் விளக்கைத் தூக்கினேன். தூக்கியிருக்கக் கூடாது. சால்வை நனைந்து ஒட்டியிருந்தது. மூக்கு தெரிந்தது. அதற்குக் கீழே... துணி உள்ளே போயிருந்தது.

தட்டையாக.

தாடை இருக்கவேண்டிய இடத்தில்.

“போய்ட்டு வா அக்கா,” என்றேன். “சந்தியாகப்பர் உனக்குக் குறை வைக்கமாட்டார்.”

குவளையைக் கீழே வைத்தாள்.

எழுந்தாள்.

சரக்... சரக்...

போய்விட்டாள்.

கினிப் பன்றிகள் அவள் உட்கார்ந்த இடத்தை நக்கிக்கொண்டிருந்தன. விடியும்வரை நக்கின.

காலையில் ரெமிகியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் என்று சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய் வில்லைகளைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள்.

“கொட்டிடு,” என்றாள்.

“கொட்டிட்டு?”

அவள் காலி மாவு மூட்டையைப் பார்த்தாள்.

“மாவு வாங்க வழி இல்ல. மெல்ல ஆள் இல்ல. உன் மகன ஊர்ல என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாங்க, சொல்லு.”

அவள் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுப்பில் எரு போட்டாள்.

“கொதிக்க வைப்போம்,” என்றாள். “ரெண்டு தடவ.”

கொதிக்க வைத்தோம். இரண்டு தடவை இல்லை, நாலு தடவை. கொதிக்கும்போது மேலே திரண்டு வந்ததை நான் வழித்து வழித்து வெளியே எறிந்தேன். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு வாலை இடுக்கிக்கொண்டது. கரண்டியிலிருந்து அது சொட்டாது. தொங்கும். பானையில் ஊற்றி வாயைக் கட்டினோம். மற்ற வருஷம் நாலு நாள் ஆகும். அந்த வருஷம் மறுநாள் சாயங்காலமே மூன்று பானையும் பொங்கி வெளியே வழிந்தன. வீடு முழுக்கத் தித்திப்பு நாற்றம். ரெமிகியா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பல்வலி என்று சொல்லிக்கொண்டாள்.

திருவிழா அன்று முதல் குவளை பொறுப்புக்காரனுக்கு. சந்தியாகப்பர் குதிரைமேல் இருந்து பார்க்கிறார். ஊர் பார்க்கிறது. நசாரியோ எல்லோருக்கும் முன்னால் நின்று பார்க்கிறான். அடி தெரியக் குடிக்கவேண்டும். மிச்சம் வைத்தால் கள்ளில் ஏதோ கோளாறு என்று அர்த்தம்.

குடித்தேன்.

எப்படி இருந்தது என்று சொல்லட்டுமா? குளிர்ந்து, கொழகொழவென்று, நாக்கைச் சுற்றிக்கொண்டு, தானாகவே உள்ளே இறங்கியது. விழுங்கத் தேவையே இல்லை. அதற்குத் தொண்டைக்கு வழி தெரிந்திருந்தது.

ருசி?

அந்த மாதிரி ஒரு ருசி என் ஆயுசில் கிடையாது. தேன் என்பதா, முதல்பால் என்பதா. என் கை இரண்டாவது குவளைக்கு நீண்டது.

அதற்கப்புறம் ஊரைப் பிடிக்க முடியவில்லை. நடக்க முடியாதவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுத்த ஊர்க்காரர்கள் வந்தார்கள். பசீலியா மதினி தூரத்தில் ஒரு கல்மேல் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் அவளும் குவளையோடு வந்தாள். என்னைப் பார்க்காமல் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ரெமிகியாவும் நீட்டினாள். நசாரியோ பதினோரு குவளை குடித்தான். நடுவில் ஒரு தடவை முகம் சுளித்து, பல்லிடுக்கில் விரலை விட்டு, எதையோ இழுத்தான். நீளமாக வந்தது. நரைமுடி.

தங்கச்சி தலைய முடிஞ்சுக்கிட்டுக் காய்ச்சக் கூடாதா என்றான். சுண்டிவிட்டான். குடித்தான்.

ரெமிகியாவுக்கு ஒரு நரைகூட இல்லை.

கடைசி நாள் மூன்று பானையும் அடி வரை வற்றியது. அடியில் படிந்திருந்த வண்டலை ஆட்கள் கையால் வழித்து நக்கினார்கள். எனக்குப் பின்னால் சந்தியாகப்பரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தலைநிமிர்ந்து நடந்தேன். இந்த மாதிரி பொறுப்புக்காரன் இந்த மலையிலேயே இல்லை என்றார்கள். பெயர் காப்பாற்றப்பட்டுவிட்டது.

திருவிழா முடிந்ததும் நசாரியோ தன் லாமாக்களைப் பார்க்க மேலே போனான். காசிமிரா ஏன் திருவிழாவுக்கு வரவில்லை, உடம்பு சரியில்லையோ என்று கேட்டுக்கொண்டேதான் போனான். நான் பானையைக் கழுவிக்கொண்டிருந்தேன். மறுநாள் இறங்கி வந்தான். நேரே என் வீட்டுக்கு வந்தான். அடுப்படியில் உட்கார்ந்தான். குடிக்க ஏதாவது கொடுக்கட்டுமா என்றாள் ரெமிகியா. வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

அவன் சொன்னது இவ்வளவுதான். காசிமிரா குடிசைக்குள் கிடந்தாள். இன்று நேற்றுச் செத்தவள் இல்லை. மே மாதம் சிலுவைத் திருவிழா முடிந்து அவன் கொண்டுபோய்க் கொடுத்த உருளைக்கிழங்கு மூட்டை, கட்டு அவிழ்க்காமல் அப்படியே இருந்தது. அப்போதே செத்திருக்கிறாள். மேலே காற்றும் பனியும் சேர்ந்து உடம்பை உப்புக்கண்டமாக உலர்த்திவிட்டன. தட்டினால் பலகைச் சத்தம். உடம்பில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பின்சுவரில் கல் பெயர்ந்த ஓட்டை வழியாக நரி வந்து போயிருக்கிறது. நாக்கையும் கீழ்த்தாடையையும் கொண்டுபோய்விட்டது. முழு உடம்பாகப் புதைக்கவேண்டுமே என்று அவன் தாடையைப் புல்வெளி முழுக்கத் தேடியிருக்கிறான். கிடைக்கவில்லை.

அப்புறம் அடுப்பில் ஒரு எருவைத் தள்ளிவிட்டுச் சொன்னான்.

“மச்சான், மண்டைய நிமித்தித் துணி கட்டினேன். மேலண்ணத்துல சோள மாவு அப்பியிருந்துச்சு.”

“காஞ்சதா?”

“ஈரம்.”

ரெமிகியா வெளியே எழுந்து போனாள். அவள் ஓங்கரிக்கிற சத்தம் கேட்டது.

அன்னிக்கு உங்க வீட்டுல மென்னது யாரு என்று கேட்டான் நசாரியோ. பசீலியா மதினி என்றேன். என் கண்ணைப் பார்த்தான். என்னைக் காலத்துக்கும் தலைகுனிய வைக்க அவனுக்கு அந்த ஒரு நிமிஷம் போதும்.

“பசீலியான்னே இருக்கட்டும்,” என்றான். “நான் பதினோரு குவளை குடிச்சவன்.”

அவளைக் கீழே கொண்டுவந்து புதைத்தோம். நான்தான் பெட்டிக்கு முன்பக்கம் தோள் கொடுத்தேன். கனமே இல்லை. நசாரியோ யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மே மாதம் செத்தவள் என்பது உடம்பைப் பார்த்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் வீட்டில் மென்ற அன்று சாயங்காலம் அவள் மலை இறங்கி வந்ததைப் பார்த்தவர்களும் ஊரில் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. எல்லோரும் குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பூசை வைக்கக் கீழ் ஊரிலிருந்து புதுச் சாமியார் வந்திருந்தார். சின்ன வயசு. திருவிழாவுக்கு வராதவர். அவர் ஒருவர்தான் குடிக்காதவர். ஜெபத்தை ஆரம்பித்தார். தாடை இல்லாமல் புதைக்கிறோம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது, முகம் வெளுத்திருந்தது.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தப் பழுப்பு நூலை நினைத்தேன். விரல் ரேகையை நினைத்தேன்.

சாமியார் ஜெபத்தில் அவள் பெயரைச் சொன்னார்.

“காசிமிரா...”

என் வாயில் எச்சில் ஊறியது.

அருவருப்பில் ஊறுகிற எச்சில் எனக்குத் தெரியும். இது அது இல்லை. சுட்ட இறைச்சி வாசனை பட்டால் ஊறுமே, அது. வாய் நிறைந்து, உதடு ஓரத்தில் வழியப் பார்த்தது. துப்ப முடியாது, காலடியில் குழி.

விழுங்கினேன்.

மடக்.

என் சத்தம் மட்டும் இல்லை. பக்கத்தில் நசாரியோ. அந்தப் பக்கம் பசீலியா மதினி. அவளுக்குப் பின்னால் மேளக்காரர்கள். ரெமிகியா. குழியைச் சுற்றி நின்ற அத்தனை பேர் தொண்டையிலும்...

மடக்.

சாமியார் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தார்.